கிழித்த தாளின் பிரெஞ்சுப் பெயர்

(ஊரப்பாக்கத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை உங்களில் பலர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்திருப்பீர்கள். அந்தக் காலண்டருக்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு பெயர் உண்டு: எஃபெமெரீத். நாளுக்கு ஒன்றாகத் தாளைக் கிழிக்கும் காலண்டர் என்பது அந்தச் சொல்லின் இன்றைய பொருள்களில் ஒன்று. அதோடு ஒரே வயிற்றில் பிறந்த இன்னொரு சொல் எஃபெமேர். நிலையில்லாதது, வந்த வேகத்தில் மறைவது என்று அதற்குப் பொருள். சில வாரம் மட்டும் திறந்திருந்து பிறகு மூடிவிடும் கடையைப் பாரிஸில் எஃபெமேர் கடை என்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் முளைக்கும் பட்டாசுக் கடைக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

மறைந்து போவதைச் சொல்லும் வார்த்தையும், நாளைக் கணக்கிட்டு எழுதி வைக்கும் பொருளின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தது எப்படி? இன்று இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் நம் பக்கத்தில், புதுச்சேரியில், இருந்தவர்கள் என்பதால் இந்தச் சொல்லின் கதையில் பாதி நம் மண்ணில் நடந்திருக்கிறது.

வேர் கிரேக்கம். 'எபி' என்றால் மேல். 'ஹெமெரா' என்றால் நாள். எபியின் பகரமும் ஹெமெராவின் ஹகரமும் சேர்ந்து உரசி 'ஃப' ஆயிற்று. எஃபெமெரோஸ்: ஒரு நாள் அளவுக்கு இருப்பது. கவனியுங்கள், அந்தச் சொல்லுக்குள் 'அற்பம்' என்பது இல்லை. 'வீண்' என்பதும் இல்லை. நாள் என்ற அளவு மட்டுமே இருக்கிறது. சோகமெல்லாம் பிறகு நாம் ஏற்றியது.

பிரெஞ்சில் இது முதலில் மருத்துவர்களின் சொல்லாகவே புழங்கியது. வந்து ஒரே நாளில் இறங்கிவிடும் காய்ச்சலை கிரேக்க மருத்துவர்களைப் பின்பற்றி எஃபெமேர் காய்ச்சல் என்றார்கள். மனித மருத்துவத்தில் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. மாட்டு மருத்துவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மழைக்காலத்தில் மாடு திடீரென்று காய்ச்சல் கண்டு, கால் விறைத்து நொண்டி, மூன்று நாளில் எழுந்துவிடும். மூன்று நாள் காய்ச்சல் என்று நம் பக்கம் சொல்கிறோமே, அதற்குக் கால்நடை மருத்துவப் புத்தகங்களில் உள்ள பெயர் எஃபெமெரல் காய்ச்சல்தான். பூச்சி கடித்துப் பரவும் ஒரு வைரஸ் அதற்குக் காரணம். கிரேக்கத்தில் ஒரு நாளாக இருந்தது நம் தொழுவத்துக்கு வரும்போது மூன்று நாளாகிவிட்டது.

அடுத்து ஒரு பூச்சி. கருங்கடல் பக்கத்து ஹிபானிஸ் ஆற்றில் கோடையின் நடுவில் சிறகு முளைத்து எழுந்து மாலைக்குள் மடியும் ஓர் உயிரைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். 1758இல் லின்னேயஸ் அந்த வகைப் பூச்சிகளுக்கு எஃபெமெரா என்றே பேரினப் பெயர் வைத்தார். பிரெஞ்சில் இன்றும் அதன் பெயர் எஃபெமேர். ஆங்கிலத்தில் மேஃப்ளை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாரிஸில் இருந்தபோது, 1778இல், இந்தப் பூச்சி பேசுவது போலவே ஒரு கட்டுரை எழுதித் தன் தோழி பிரியோன் அம்மையாருக்கு அனுப்பினார்.

இந்தப் பூச்சிக்கு ஒரு நாள் ஆயுள் என்பது உண்மையா? சிறகோடு நாம் பார்க்கும் பருவம் மட்டும்தான் அவ்வளவு சிறியது. அதற்கு முன் நீருக்கடியில் பாசியைத் தின்று, தோலைப் பலமுறை உரித்து, சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக அது வாழ்ந்திருக்கும். சிறகு வந்தபின் அதற்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. இணைவதற்கும் முட்டையிடுவதற்கும் மட்டுமே அந்தப் பருவம்.

நம் ஊரில் இதற்கு நேரான பிராணி ஈசல். முதல் மழை விட்ட மாலையில் ஊரப்பாக்கம் ஏரிப் பக்கத்துத் தெருவிளக்கின் கீழே குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈசலின் வாழ்வு ஒரு பொழுது என்று சொல்லிச் சொல்லி நாம் வளர்ந்தோம். விளக்கில் விழுந்து சாவதும் பல்லிக்கும் காக்கைக்கும் இரையாவதும் பெரும்பான்மை. ஆனால் இறகை உதிர்த்துவிட்டு இணையோடு மண்ணுக்குள் இறங்கும் சில ஈசல்கள் புதிய புற்றின் ராஜாவும் ராணியுமாகின்றன. ராணிக் கறையான் பல ஆண்டுகள் உயிரோடிருந்து முட்டையிடும். நாம் ஒரு பொழுது என்று நினைப்பது, வெளிச்சத்துக்கு வந்த பகுதியை மட்டும். மண்ணுக்குள் நடக்கிற நீண்ட வேலை நம் கணக்கில் வருவதில்லை. நாள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் இதே பார்வைக் குறை நமக்கு இருக்கிறது என்பது என் கருத்து. இன்று சொல்ல வந்ததும் இதுதான்.

எஃபெமெரீத் என்ற சொல்லுக்கு வருவோம். காலண்டர் என்ற பொருள் அதற்குப் பிந்தி வந்தது. வானியலாருக்கு அது, சூரியனும் சந்திரனும் கிரகங்களும் ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் நிற்கும் என்று முன்கூட்டியே கணித்துப் போட்ட அட்டவணை. 1474இல் நியூரம்பர்க்கில் ரெகியோமொந்தானுஸ் என்ற வானியலாளர் அப்படி ஒன்றை அச்சிட்டார். பிரெஞ்சு அரசின் அட்டவணை 1679இல் தொடங்கி இன்றுவரை வெளிவருகிறது. நம் மொழியில் இதற்குப் பெயர் பஞ்சாங்கம். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து உறுப்பும் நாளுக்கு நாள் மாறுவதைச் சொல்வது.

இந்த இரண்டு எஃபெமெரீதுகளும் முகத்துக்கு முகம் சந்தித்த இடம் புதுச்சேரி. பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கியோம் லெ ஜான்தீ என்ற வானியலாளர், 1761 ஜூன் 6இல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கப் புறப்பட்டு வந்தார். வருவதற்குள் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. அந்த நாளில் அவர் ஆடும் கப்பல் தளத்தில் நின்று பார்த்தார்; அளவெடுக்க அது பயன்படவில்லை. அடுத்த கடப்பு 1769இல். அதுவரை ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் மணிலாவிலும் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டைக்குள் ஒரு வானாய்வகம் கட்டினார். கடப்பு நடந்த காலையில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்தபின் வெயில் அடித்தது. 1771இல் அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவு செய்து, கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள்.

உலகம் லெ ஜான்தீயைத் துரதிர்ஷ்டசாலி என்றே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மேகம் மறைத்த அந்தச் சில மணி நேரத்தைத் தவிர, மீதி நாட்களை அவர் புதுச்சேரியில் வீணாக்கவில்லை. உள்ளூர்த் தமிழரிடம் பஞ்சாங்கக் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். தமிழ்க் கணக்கர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே கிரகணத்தைக் கணித்த வேகத்தைக் கண்டு வியந்து தன் பயண நூலில் பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30இல் நடந்த சந்திர கிரகணத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கிரகணம் நீடிக்கும் நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகக் காட்டியது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மையரின் கணக்கு 68 விநாடி கூடுதலாகக் காட்டியது.

இதைக் கேட்டுவிட்டு உடனே மார்தட்ட வேண்டாம். அறுபது ஆண்டு கழித்து, மெட்ராஸ் வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவரும் பிரெஞ்சுக் குடும்பத்தில் வந்தவருமான ஜான் வாரன், அதே புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைச் சந்தித்தார். 1825 மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தை அவரும் சோழியால் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. பிசகு இருக்கட்டும். தாளில் எழுதிய அட்டவணை ஒன்றுகூட இல்லாமல், முழுவதையும் மனப்பாடத்திலிருந்து ஒருவர் கணித்தாரே, அதை வாரன் முக்கியமாகக் கருதினார். அந்த ஆண்டே வெளியான 'கால சங்கலித' என்ற தன் நூலில் முறையை விரிவாக எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் 1952இல் தமிழ் வானியல் பற்றிக் கட்டுரை எழுதினார்.

அந்த மனப்பாடம் எப்படிப்பட்டது என்று ஒரு நிமிடம் பாருங்கள். சந்திரன் தன் ஓட்டத்தில் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வர இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேலே ஆகிறது. அப்படி ஒன்பது சுற்று முடிய ஏறத்தாழ மிகச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம் கட்டினார்கள். எழுத்துகளை எண்ணாக மாற்றிப் படித்தால் அன்றைய சந்திரனின் இடம் வந்துவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதனால் வந்தது. கிழித்துப் போடாத தினசரி காலண்டர் ஒன்று ஒரு மனிதரின் நாவில் இருந்தது.

பின்னால் மெட்ராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நேரில் பார்க்கும் வானத்தோடு பொருந்தும்படி கணக்கைத் திருத்தி 1869 வாக்கில் புதிய பஞ்சாங்கம் வெளியிட்டார். இன்றைய திருக்கணித மரபுக்கு அது முன்னோடி. இரண்டு மரபும் இன்றும் அருகருகே இருக்கின்றன. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்று எல்லோரும் பேசியபோது, பழைய பிரெஞ்சுப் பகுதியான காரைக்காலில் உள்ள திருநள்ளாறு கோயில், தாங்கள் வாக்கியத்தைப் பின்பற்றுவதாகவும் பெயர்ச்சி 2026இல்தான் என்றும் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

எஃபெமெரீதுக்கு மூலமான எஃபெமெரிஸ் என்ற சொல்லைக் கிரேக்கர்கள் நாட்குறிப்புக்கும் வைத்திருந்தார்கள். அலெக்சாந்தரின் அரசவையில் எழுதப்பட்ட நாட்குறிப்புக்கு அதுவே பெயர். பாபிலோனில் காய்ச்சல் கண்டு அவர் கிடந்த கடைசி நாட்களை நாள்வாரியாக நாம் அறிவது அதை எடுத்தாண்ட பிற்கால ஆசிரியர்களால். அந்தப் பொருளில் தமிழில் மிகப் பெரிய எஃபெமெரிஸ் எழுதியவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பர் 6இல் தொடங்கி, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த ஆண்டுகளையும் கடந்து, தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டு எழுதிக்கொண்டே போனார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் கோபம், யார் யாருக்கு எவ்வளவு பரிசு கொடுத்தார்கள், இப்படி எல்லாம் அதில் இருக்கும். 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்தார். லெ ஜான்தீ இறங்க முடியாமல் போன அதே ஆண்டு, அதே ஊர். 1846இல் ஏடுகள் கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்படாமல் போயிருந்தால், அந்த இருபத்தைந்து ஆண்டு நமக்கு அரசாங்கக் கடிதங்களின் வழியாக மட்டுமே தெரிந்திருக்கும்.

இனி நான் மிகவும் மதிக்கிற ஒரு மனிதரைப் பற்றி. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை மாகாண அரசில் உயர்பதவிகள் வகித்து, 1925இல் சட்டமன்றத்தின் தலைவராக இருக்கும்போதே காலமானவர். அரசியல் நூல்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கல்வெட்டு படிக்கிறவர்கள் மட்டும் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். காரணம், 1922இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய அவருடைய 'இந்தியன் எஃபெமெரிஸ்'. கி.பி. 700இலிருந்து 1799 வரை, பல தொகுதிகளில், ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம். 1100 ஆண்டு. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்கள். கணிப்பொறி இல்லாத காலம்.

இது எதற்குப் பயன்படும்? சோழர் கல்வெட்டுகளில் கி.பி. ஆண்டு இருக்காது. மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன ராசி ஞாயிறு, இன்ன பட்சத்துத் திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம் பெற்ற நாள் என்று பொறித்திருப்பார்கள். சூரியனைவிடச் சந்திரன் 12 பாகை முந்தினால் ஒரு திதி. திதிக்கும் கிழமைக்கும் நட்சத்திரத்துக்கும் ஓட்டம் வெவ்வேறு. மூன்றும் ஒரே மாதத்தில் ஒரு குறிப்பிட்ட விதமாகக் கூடுவது, ஒரு மன்னனின் ஆட்சிக்காலத்துக்குள் தேடினால், பெரும்பாலும் ஒரு முறையோ இரு முறையோதான் நடந்திருக்கும். அட்டவணையில் தேடினால் நாள் சிக்கிவிடும். ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் இதே முறையில் கணக்கிட்டு, முதலாம் ராஜராஜன் அரியணை ஏறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று நிறுவினார். அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அந்தச் சுமையை எல்லோருக்குமாகத் தானே ஏற்று முடித்துவைத்தார். சிலப்பதிகாரத்தின் காலத்தை அவர் கி.பி. 756 என்று வானநிலைக் குறிப்பிலிருந்து கணித்ததைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. இலக்கியத்தில் வரும் நாள் கல்வெட்டின் நாளைப் போன்றதல்ல என்பதால் அந்த மறுப்பு நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். கல்வெட்டுக்கு அவர் செய்த வேலை அப்படியே நிற்கிறது.

எஃபெமேர் என்று பெயர் வாங்கிய பொருள்களில் கடைசியாகக் காகிதத்துக்கு வருகிறேன். நோட்டீஸ், டிக்கெட், ரசீது, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இவற்றை ஆங்கிலத்தில் எஃபெமெரா என்கிறார்கள். 1975இல் லண்டனில் மாரிஸ் ரிக்கர்ட்ஸ் இதற்கென்றே ஒரு கழகம் தொடங்கினார். அதற்கு வெகு காலம் முன்பே செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், எல்லோரும் எறிந்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். நாடக நோட்டீசும் அழைப்பிதழும் பாட்டுப் புத்தகமும் அவருக்கு நூல்களுக்குச் சமமாக இருந்தன. அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்கியது. அது கடல் தாண்டிப் போகாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக நிறுவப்பட்டது. இன்று தரமணியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களை ஆராய்ந்து ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' எழுத முடிந்ததற்கு, அவற்றை யாரோ எறியாமல் வைத்திருந்ததே காரணம்.

தினசரி காலண்டரும் இந்தக் குடும்பம்தான். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குகிறார்கள். ஒரு நாள் மட்டும் நம் சுவரில் இருக்கும் தாள், அதற்கு ஐந்து மாதம் முன்பே கணிதமும் அச்சும் கட்டுமாகப் புறப்பட்டுவிடுகிறது. ராகுகாலமும் எமகண்டமும் போட்ட அந்தச் சின்னத் தாளுக்குப் பின்னால் 248 வாக்கியமும் சோழியும் ரகுநாதாச்சாரியின் தொலைநோக்கியும் இருக்கின்றன.

ஊரப்பாக்கத்துக்கு இதில் என்ன வேலை? இந்த ஊரைப் பற்றி யாரும் புத்தகம் எழுதி வைக்கவில்லை; மாறும் வேகமோ பயங்கரமாக இருக்கிறது. வயல் மனையானதும், மனை அடுக்குமாடியானதும் மனை விற்ற நோட்டீசில் இருக்கிறது. 2019 நவம்பர் 29க்கு முந்திய நோட்டீசில் நாம் காஞ்சிபுரம் மாவட்டம். பிந்தியதில் செங்கல்பட்டு மாவட்டம். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறந்ததிலிருந்து எல்லா விளம்பரத்திலும் 'கிளாம்பாக்கத்துக்கு மிக அருகில்' வந்துவிட்டது. அதற்கு முன் 'வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு மிக அருகில்' என்று போட்டார்கள். எந்த ஆண்டு எந்தத் தெருவில் டியூஷன் தொடங்கியது, மாதக் கட்டணம் எவ்வளவு, அம்மன் கோயில் கூழ் வார்ப்புக்கு யார் யார் நன்கொடை கொடுத்தார்கள், இவையெல்லாம் வேறெங்கும் பதிவாகாத செய்திகள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கைக்கு வரும் நோட்டீசில் ஒன்றிரண்டையாவது எடுத்து வையுங்கள். அதில் பெரும்பாலும் 'வரும் ஞாயிறு 14ஆம் தேதி' என்றிருக்கும், ஆண்டு இருக்காது. பின்புறம் பென்சிலால் ஆண்டையும், எந்தத் தெருவில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிடுங்கள், துருப்பிடித்துத் தாளைத் தின்னும். லேமினேட் செய்யவே வேண்டாம். நாளடைவில் தாளைக் கெடுக்கும், பிரிக்கவும் முடியாது. நடத்துநரின் கைக்கருவியில் வரும் டிக்கெட்டும் கடை பில்லும் வெப்பத்தாளில் அடித்தவை, சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அவற்றை உடனே சாதாரணத் தாளில் நகல் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே வீட்டுப் பரணில் பழைய அழைப்பிதழ் கட்டு வைத்திருப்பவர்கள், ஆண்டு தெரியாவிட்டாலும் தூக்கி எறிய வேண்டாம். தமிழ் வருஷமும் கிழமையும் திதியும் போட்டிருந்தால் அட்டவணை பார்த்து நாளைச் சொல்லிவிடலாம். அப்படி ஏதாவது இன்று கையில் கொண்டுவந்திருந்தால் மேசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.